12, 14 வயதுப் பிள்ளைகளைப் பேய்ப் படத்துக்கு அனுப்பலாமா?

கேள்வி: மகளுக்கு 14, மகனுக்கு 12. அரையாண்டு விடுமுறையில் பேய்ப் படம் பார்த்தே ஆகணும் என்று இரண்டு பேரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். சென்சார் சான்றிதழில் யுஏ 13+ என்று போட்டிருக்கிறது. அனுப்பலாமா?

என் பிள்ளைகளும் இதே வயதைத் தாண்டி வந்தவர்கள்தான். பெரியவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள், சின்னவன் பதினொன்றாம் வகுப்பு. நாங்கள் இருப்பது காவேரிப்பட்டணம் பக்கம். படம் பார்க்கணும் என்றால் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறணும். இந்த விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாகச் சொதப்பியிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

சின்னவனுக்கு அப்போது 12 வயது. லீவுக்கு வந்திருந்த என் நாத்தனார் பிள்ளைகள் கிளம்ப, அவனையும் சேர்த்து அனுப்பினேன். யுஏ படம், கூடவே கல்லூரி படிக்கிற பையன் இருக்கிறான், வேறென்ன வேணும் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டேதான் திரும்பி வந்தான். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பேய் மாதிரி தலையைச் சாய்த்து அக்காவைப் பயமுறுத்தினானாம். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டான், தூங்கினான். சரி, பையன் தைரியசாலி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டில் குளியலறை பின்பக்கம், துவைக்கிற கல்லைத் தாண்டி மாமரத்தடியில் தனியாக இருக்கும். அதன் சுவரில் அவன் அப்பா சவரம் செய்ய ஒரு சின்னக் கண்ணாடி. நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில், அந்தக் கண்ணாடி மேல் ஒரு துண்டு தொங்கியது. மறந்து போட்டிருக்கிறான் என்று எடுத்து மடித்து வைத்தேன். மறுநாளும் அதே துண்டு, அதே இடம். பல் துலக்க சமையலறைத் தொட்டிக்கு வர ஆரம்பித்தான். கேட்டால், "சும்மாதாம்மா". கடைசியில் ஒருநாள் அவன் அப்பா, "யார்றா தினமும் கண்ணாடிய மூடுறது?" என்று விளையாட்டாகத்தான் கேட்டார். பையன் உடைந்து அழுதுவிட்டான். படத்தில் ஒரு பெண் குனிந்து முகம் கழுவி நிமிரும்போது கண்ணாடியில் பின்னால் ஒரு உருவம் நிற்குமாம். முழுப் படத்தில் அவனுக்குள் தங்கியது அந்த ஒரு காட்சி. அதற்கப்புறம் ஒன்றரை மாதம் எங்களுக்கு நடுவில்தான் படுத்தான்.

அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டியது "ரொம்பப் பயமா இருக்குமா?" என்பதில்லை. "பேய் எந்த இடத்தில் வருது?" என்று கேட்டிருக்கணும். ஜமீன் பங்களா, பூட்டிய அறை, தொங்குகிற சரவிளக்கு என்று போகிற படங்கள் பிள்ளைகளை அவ்வளவாகப் பின்தொடர்வதில்லை. நம் வீட்டில் ஏது சரவிளக்கு? அந்தப் பயம் தியேட்டரிலேயே தங்கிவிடும். குளியலறை, கட்டிலுக்கு அடியில், கண்ணாடி, நடுராத்திரி அடிக்கிற போன், கரண்ட் போன வீடு, இவற்றில் பேய் வந்தால் அது கூடவே பஸ் ஏறி வரும். எங்களைப் போல கழிப்பறை வெளியே இருக்கிற வீட்டுக்கு இது இரட்டிப்புச் சிக்கல். உங்கள் பையன் இருட்டினபிறகு தனியாகப் போகிற இடங்கள் எவை என்று மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். அதில் ஒன்று படத்தில் இருந்தால் இந்த வருஷம் வேண்டாம்.

சான்றிதழைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். யுஏ என்ற பிரிவு 1983-ல் வந்தது. 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் என்றால் பெற்றோர் யோசித்து அழைத்துப் போங்கள் என்பதுதான் வெகுகாலம் அதன் பொருள். 2023-ல் சினிமாட்டோகிராஃப் சட்டத்தைத் திருத்தி அதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். 2024-ல் அதற்கான விதிகளும் வந்தன. பழைய யுஏவைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்த எண் பெற்றோருக்குச் சொல்கிற குறிப்பு, அவ்வளவுதான். ஏ படத்துக்கு 18 நிரம்பாதவர்களை உள்ளே விடக் கூடாது, அது சட்டம். யுஏ 16+ படத்துக்கு 13 வயதுப் பையன் வந்து நின்றால் தியேட்டர்காரர் அவனைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. முடிவை நம் தலையில்தான் கட்டியிருக்கிறார்கள். அதோடு சான்றிதழ் தருகிறவர்கள் ரத்தம், வன்முறை, கெட்ட வார்த்தை எல்லாம் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு மாமரத்தடியைப் பார்க்க முடியுமா?

ஓடிடிக்கும் 2021 விதிகளின்படி இதே வயது எண்கள் உண்டு. 13+, அதற்கு மேற்பட்ட படங்களுக்குப் பூட்டுப் போடும் வசதி தரணும் என்பதும் அதில் இருக்கிறது. வசதி இருக்கிறது, ஆனால் எத்தனை வீட்டில் அந்தப் பூட்டைப் போட்டிருக்கிறோம்? எங்கள் வீட்டில் அதைப் போடத் தெரிந்த ஒரே ஆள் சின்னவன்தான். தியேட்டரைவிட எனக்குப் பயம் இந்தப் போன் மேல்தான். போர்வைக்குள்ளே, காதில் இயர்போனோடு பார்ப்பார்கள். பேய்ப் படத்தில் பாதிப் பயம் சத்தத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் விட்டு, திடீரென்று டமாலென்று போடுவார்கள். சந்தேகமாக இருந்தால் டிரெய்லரை ஒருமுறை சத்தத்தோடும் ஒருமுறை சத்தத்தை அணைத்தும் பாருங்கள். சத்தம் இல்லாமலும் வயிற்றைக் கலக்குகிற படம் என்றால் அதை நான் 12 வயதுக்குக் காட்ட மாட்டேன்.

இனி உங்கள் மகள். பதினான்கு வயதுப் பெண்ணைப் பேய் ஒன்றும் செய்யாது. என் கவலை ஃபிளாஷ்பேக்கில். நம் பேய்ப் படங்கள் பலவற்றில் இடைவேளைக்குப் பிறகு ஒரு கதை வரும். ஒரு பெண்ணை நாலு பேர் கெடுத்திருப்பார்கள், அல்லது ஊர் முன்னால் அவமானப்படுத்தியிருப்பார்கள். அவள் செத்து, பேயாக வந்து பழிவாங்குவாள். இப்படி ஒரு படத்துக்கு நானும் பெரியவளும் போனோம். படத்தில் அவமானப்பட்டவள் ஒரு பள்ளிக்கூடத்துப் பெண். அவள் சாகும்வரை அவள் பேச்சைக் கேட்க ஆளில்லை. செத்து வந்து அடிக்க ஆரம்பித்ததும் தியேட்டரே விசில் அடித்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "செத்ததுக்கு அப்புறம்தாம்மா அவளுக்குப் பலமே வருது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது அந்தப் பேச்சை மறுபடி எடுத்தேன். அந்தப் பெண் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், யாருக்கும் சொல்லப் பிடிக்காமல் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்காவது ஒரு போன் போட்டிருந்தால், படம் இடைவேளைக்கு முன்னாலேயே முடிந்திருக்கும் என்றேன். அப்புறம் படம் ஓடாதே என்று சிரித்தாள். பிறகு தன் வகுப்பில் நடந்த ஒரு விஷயத்தைச் சொன்னாள். அதை இங்கே எழுதப்போவதில்லை. இந்த மாதிரிக் கதை உள்ள படத்துக்கு மகளைத் தோழிகளோடு அனுப்பாதீர்கள், நீங்கள் கூடப் போங்கள். போகாமல் தடுப்பதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது என்பது என் கட்சி.

என் மாமியார் இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுச் சிரிப்பார். மகா சிவராத்திரி முடிந்ததும் எங்கள் ஊரில் நடக்கிற மயானக் கொள்ளையில் காளி வேஷம் கட்டி, வாயில் எலும்பைக் கவ்விக்கொண்டு வருகிறவர்களைக் கைக்குழந்தைகூடப் பார்க்கிறது, அதற்கென்ன சான்றிதழ் என்பார். நியாயமான கேள்வி. நானே தர்மபுரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துப் பார்த்து வளர்ந்தவள். படுகளத்தன்று துரியோதனனை மண்ணில் பெரிய உருவமாகச் செய்து கிடத்தி, பாஞ்சாலி அவன் ரத்தத்தைத் தொட்டுக் கூந்தல் முடிவாள். ஏழெட்டு வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்தேன், கனவில்கூட வந்ததில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வேஷக்காரர் காலையில் டீக்கடையில் அரிதாரம் பாதி கலைந்த முகத்தோடு பீடி பிடித்துக்கொண்டு நிற்பார். சுற்றி ஊரே இருக்கும், சாயங்காலம் தீமிதியோடு கதை முடிந்துவிடும். படத்தில் கடைசிக் காட்சியில் எல்லாம் சரியாகி, எழுத்து ஓடுகிற நேரத்தில் பேய் ஒருமுறை கண்ணைத் திறக்கும், இரண்டாம் பாகத்துக்காக. அந்த ஒரு கண்சிமிட்டல் 12 வயதுக்காரனைத் தூங்கவிடாது. கதை முடிந்ததா, முடியாமல் விட்டார்களா என்பதையும் பார்த்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், கண்ணாடி விவகாரத்தை முடித்து வைத்தது மாமியார்தான். "புள்ள பயந்திருக்கான்" என்று வேப்பிலை அடிக்கிறவரிடம் கூட்டிப்போய், நெற்றியில் திருநீறு பூசி அழைத்து வந்தார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, "போயிடுச்சு, இனி வராது" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னது வேலை செய்தது. நாங்கள் ஒன்றரை மாதமாக "அதெல்லாம் பொய்டா" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். பொய் என்று அவனுக்கும் தெரியும், தெரிந்தும் பயமாக இருந்தது.

உங்கள் இரண்டு பேருக்கும் வருகிறேன். மகளுக்கு 14, படமும் 13+. கதை மேலே சொன்ன மாதிரி இல்லை என்றால் தாராளமாகப் போகட்டும். மகன் விஷயத்தில், படம் பார்த்த பெரியவர் ஒருவரிடம் பேய் எங்கே வருகிறது, எப்படி முடிகிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சரிப்படும் என்று தோன்றினால் பகல் காட்சிக்கு நீங்களே கூட்டிப்போங்கள். வெளியே வரும்போது வெயில் அடிக்கணும், வீட்டுக்கு வந்து தூங்கப்போவதற்குள் கிரிக்கெட் ஆடவும் சண்டை போடவும் நேரம் இருக்கணும். ஓர சீட் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. அக்கா முன்னால் "பயமா இருக்கு, போலாம்" என்று அந்த வயதுப் பையன் செத்தாலும் சொல்ல மாட்டான். நானும் சின்னவனும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டோம். முடியவில்லை என்றால் "அம்மா, பாப்கார்ன் வேணும்" என்று சொல்லணும், நான் ஒன்றும் கேட்காமல் எழுந்து அவனோடு வெளியே போய்விடுவேன். இரண்டு முறை அதைப் பயன்படுத்தியிருக்கிறான். ஒரு தடவை நிஜமாகவே பாப்கார்ன் கேட்டிருக்கிறான். நான் பதறிப்போய், பாதி வரிசைக் காலை மிதித்துக்கொண்டு அவனை வெளியே இழுத்து வந்தேன். அப்புறம் நாள் முழுக்க அவனுக்குக் கோபம், நல்ல சீன் போய்விட்டதாம்.