தேற்றத்தைப் பாடம் பண்ணி பி.எஸ்சி. கணிதம் படிக்க முடியுமா?

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் கிராமம். பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ் வழி. கணக்கில் 94 மார்க். இப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. ரியல் அனாலிசிஸ், அல்ஜீப்ரா இரண்டிலும் தேற்றங்களைப் பாடம் பண்ணித்தான் எழுதுகிறேன். நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் போய்விடுகிறது. எனக்குக் கணக்கு வராது என்று எடுத்துக்கொண்டு வேறு படிப்புக்கு மாறிவிடட்டுமா? இதைப் படித்தால் என்ன வேலை என்று வீட்டிலும் கேட்கிறார்கள்.

பதில்:

மாற வேண்டாம் தம்பி. உங்களுக்குக் கணக்கு வராமல் போகவில்லை, கணக்கு என்று இதுவரை நீங்கள் படித்தது வேறு, இப்போது படிப்பது வேறு. அந்த வித்தியாசத்தை யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை, அவ்வளவுதான். பள்ளியில் ஒரு வழிமுறை சொல்லிக் கொடுத்தார்கள், அதே மாதிரி இருபது கணக்குப் போட்டீர்கள், பரீட்சையில் எண்ணை மாற்றிக் கேட்டார்கள். இங்கே விடையே முதலில் தேற்றமாக வந்துவிடுகிறது, அது ஏன் உண்மை என்பதுதான் கேள்வி. நானும் மேலூர் பக்கத்திலிருந்து தமிழ் வழியில் படித்து வந்தவன், முதல் இரண்டு செமஸ்டர் நீங்கள் செய்கிற அதே வேலையைத்தான் செய்தேன், அதனால் அந்த வலி எனக்குத் தெரியும்.

தேற்றத்துக்கு முன்னால் வரையறை. இதில்தான் பெரும்பாலான பிள்ளைகள் சறுக்குகிறார்கள். தொடர்வரிசை ஒருங்குவது, அதாவது வரிசையாக வரும் எண்கள் ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போவது என்பதற்கு ஒரு வரையறை கொடுத்திருப்பார்களே, எப்சிலான் என்று தொடங்குமே, அதை எடுத்துக்கொள்வோம். அதை ஒரு வாக்கியமாகப் படிக்காதீர்கள், இரண்டு பேர் பேசிக்கொள்வதாகப் படியுங்கள். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக் கடையில் தராசு முன்னால் நிற்கிறீர்கள். எவ்வளவு பிசகு வரை பொறுத்துக்கொள்வேன் என்று முதலில் சொல்வது வாங்குகிற நீங்கள். அதைக் கேட்ட பிறகுதான் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டும். 1, 1/2, 1/3, 1/4 என்று போகிற தொடர்வரிசை பூச்சியத்தை நோக்கிப் போகிறது என்கிறார். நூறில் ஒரு பங்கு பிசகுதான் தாங்குவேன் என்கிறீர்கள். அவர், நூறாவது உறுப்புக்குப் பிறகு வருவது எல்லாமே அதற்குள் இருக்கும் என்கிறார். லட்சத்தில் ஒரு பங்கு என்று இறுக்குகிறீர்கள், சரி, லட்சமாவது உறுப்புக்குப் பிறகு பாருங்கள் என்கிறார். நீங்கள் எவ்வளவு இறுக்கினாலும் அவரிடம் பதில் இருக்கிறது, அதுதான் ஒருங்குவது. எப்சிலான் என்பது நீங்கள் சொல்லும் பிசகு, அவ்வளவே.

இப்போது யார் முதலில் சொல்வது என்ற வரிசையைத் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் முந்திக்கொண்டு, ‘நூறாவது உறுப்புக்குப் பிறகு நீங்கள் எந்தப் பிசகு சொன்னாலும் சரியாக இருக்கும்’ என்றால் என்ன அர்த்தம்? அதற்குப் பிறகு வருவது எல்லாமே அச்சுப் பிசகாமல் பூச்சியமாகவே இருக்க வேண்டும். 1/101 பூச்சியம் இல்லையே! ‘ஒவ்வொரு பிசகுக்கும் ஓர் இடம் உண்டு’ என்பதும் ‘ஓர் இடம் உண்டு, அது எல்லாப் பிசகுக்கும் பொருந்தும்’ என்பதும் ஒன்றல்ல. இரண்டு சொற்றொடர் இடம் மாறியதில் அர்த்தமே மாறிவிட்டது. விடைத்தாளில் இந்த வரிசையைத் தலைகீழாக எழுதி மார்க் இழந்தவர்களை வருடா வருடம் பார்த்திருக்கிறேன், அவர்களில் நன்றாகப் பாடம் பண்ணியவர்களும் உண்டு.

அப்புறம், பொருந்தாத உதாரணம் ஒன்று கட்டாயம் வேண்டும். 1, -1, 1, -1 என்று மாறி மாறி வருவதை எடுங்கள். அரை அளவு பிசகு என்று மட்டும் கேளுங்கள், கடைக்காரர் மாட்டிக்கொள்வார். எந்த எண்ணைச் சுற்றி இரண்டு பக்கமும் அரை அரை இடம் விட்டாலும் மொத்த அகலம் 1, ஆனால் பக்கத்துப் பக்கத்து உறுப்புகளுக்கு இடையே தூரம் 2. இரண்டும் உள்ளே அடங்காது. ஒரு வரையறைக்குப் பொருந்தும் உதாரணம் மூன்று, பொருந்தாதது ஒன்று உங்கள் கையால் எழுதும் வரை தேற்றத்துக்குள் போகாதீர்கள்.

இனி தேற்றம். பாடம் பண்ணியிருக்கிறோமா, புரிந்திருக்கிறோமா என்று உங்களை நீங்களே சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், எனக்குத் தெரிந்ததில் இதுதான் சிறந்தது. 2-இன் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்ற நிரூபணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பின்னமாக எழுதலாம் என்று வைத்துக்கொண்டு, சுருக்கிய பின்னத்தில் தொகுதியும் இரட்டை, பகுதியும் இரட்டை என்று முரண்பாட்டுக்குக் கொண்டுபோவோம். புத்தகத்தை மூடிவிட்டு அதே நிரூபணத்தில் 2 வருகிற இடத்தில் எல்லாம் 3 போட்டு எழுதுங்கள், ஓடும். இப்போது 4 போட்டு எழுதுங்கள். 4-இன் வர்க்கமூலம் 2, அது முழு எண், ஆகவே நிரூபணம் எங்கோ ஓர் இடத்தில் உடைந்தே ஆக வேண்டும். எந்த வரியில்? ‘தொகுதியின் வர்க்கம் 4 ஆல் வகுபடுகிறது, ஆகவே தொகுதியும் 4 ஆல் வகுபடும்’ என்ற வரியில். 36 நான்கால் வகுபடும், 6 வகுபடாது. 2 பகா எண் என்பதைத்தான் அந்த நிரூபணம் சத்தமில்லாமல் பயன்படுத்திக்கொண்டிருந்தது என்பது அந்த நிமிடம் தெரியும், அதற்குப் பிறகு அது மறக்காது. எந்தத் தேற்றத்தையும் இப்படிச் செய்யலாம். நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிடுங்கள், நிரூபணம் எந்த வரியில் நொறுங்குகிறது என்று தேடுங்கள்.

அல்ஜீப்ராவில் குலம் (group) என்றதும் குறியீடுகளைப் பார்த்து மிரள வேண்டியதில்லை, மார்கழியில் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தைப் பாருங்கள். சதுரமாகப் புள்ளி வைத்தால் அந்தச் சதுரம் அப்படியே பொருந்துகிற மாதிரி செய்யக்கூடியவை எட்டு: சும்மா விடுவதையும் சேர்த்துச் சுழற்சி நான்கு, கண்ணாடி போலத் திருப்புவது நான்கு. எதை அடுத்து எதைச் செய்தாலும் விளைவு இந்த எட்டில் ஒன்றுதான், எதைச் செய்தாலும் பழைய நிலைக்குத் திரும்ப வழியும் இந்த எட்டிலேயே உண்டு, அதனால் இந்த எட்டும் ஒரு குலம். அதன் மேல் அம்மா போடும் சிக்குக் கோலம் சுழற்றினால் பொருந்தும், திருப்பினால் பொருந்தாது என்றால் அதற்கு நான்குதான் உண்டு, அது உட்குலம். இந்த எட்டில் சரியாக மூன்று மட்டும் பொருந்துகிற கோலத்தைச் சதுரப் புள்ளியில் போட முடியுமா? எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முடியாது, ஏனென்றால் ஒரு கோலத்துக்குப் பொருந்துபவை எப்போதும் ஓர் உட்குலம், உட்குலத்தின் எண்ணிக்கை குலத்தின் எண்ணிக்கையை மீதியின்றி வகுக்க வேண்டும், 3, 8-ஐ வகுக்காது. லக்ராஞ்சித் தேற்றம் சொல்வது இதைத்தான். எங்கள் வாசலிலேயே இது கிடந்தது என்று தெரிந்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

தமிழ் வழி பற்றி வருத்தப்படாதீர்கள். கணித ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கொஞ்சம்தான், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுவதில் தவறே இல்லை. உசிலம்பட்டியிலிருந்து ஆரப்பாளையம் வரும் பஸ் பயணம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது, அதில் ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு வரையறை, அது போதும். சனிக்கிழமை முடிந்தால் நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய் ஒரு நண்பரோடு உட்காருங்கள், நிரூபணத்தை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள், எங்கே திக்குகிறீர்களோ அங்கே புரியவில்லை.

வேலை விஷயம். பி.எஸ்சி.யோடு பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் இரண்டாம் தாள் தேறுவது ஒரு வழி, எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் இருந்தால் மேல்நிலை வகுப்புகளுக்கான முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். பட்டம் கேட்கிற வங்கி, குரூப் 2 தேர்வுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் கவனிக்காதது ஜாம் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான நுழைவுத் தேர்வு, வழக்கமாக பிப்ரவரியில் நடக்கும், இறுதி ஆண்டிலேயே எழுதலாம். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மார்க், கேள்வித்தாள் ஆங்கிலத்தில். நிரூபணம் எழுதச் சொல்ல மாட்டார்கள், ஆனால் பாடம் பண்ணியவரால் அந்தக் கேள்விகளைத் தொட முடியாது. சென்னைக் கணிதக் கழகம் எம்.எஸ்சி.க்குத் தனியாக நுழைவுத் தேர்வு வைக்கிறது. இவற்றுக்கு முன்னால், எம்.டி.டி.எஸ். (Mathematics Training and Talent Search) என்று 1993 முதல் நடக்கும் கணிதக் கோடைப் பயிற்சிக்கு இந்த வருடமே விண்ணப்பியுங்கள். அங்கே பாடம் நடத்துவதே கேள்வி கேட்டுக் கேட்டுத்தான், பாடம் பண்ணும் பழக்கத்தை உடைக்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். ஒருங்கும் தொடர்வரிசை ஒவ்வொன்றும் வரம்புடையது, அதாவது அதன் எல்லா உறுப்புகளும் ஏதோ இரண்டு எண்களுக்கு நடுவில் அடங்கும் என்ற நிரூபணத்தைப் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். அதில் முதல் சில உறுப்புகளை மட்டும் ஏன் தனியாகப் பிரித்துக் கையாள வேண்டியிருக்கிறது என்று இரண்டே வரியில் தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள், அதைப் பார்த்துவிட்டு அடுத்து எதை எடுக்கலாம் என்று சொல்கிறேன்.