கிராஃப் பிரிப்பு: கேட்டதும் சொன்னதும்

கிராஃப் என்றால் நோடுகளும் (புள்ளிகள்) அவற்றை இணைக்கும் கோடுகளும். பெரிய கணக்கைப் பல பிராசஸர்களுக்குச் சமமாகப் பங்கிட அதைப் பிரிக்கிறோம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

ரோஸ் ஹில்: கிராஃப் பிரிக்கும் மென்பொருளான மெட்டிஸ் உள்ளே என்னதான் செய்கிறது அண்ணா?
ஒட்டியிருக்கும் நோடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்து கிராஃபைச் சுருக்கும். போதுமான அளவு சின்னதானதும் பிரிக்கும். திரும்ப விரிக்கும்போது எல்லையில் நிற்கும் நோடுகளை இங்குமங்கும் மாற்றி வெட்டைக் (பங்கு விட்டுப் பங்கு போகும் கோடுகளின் எண்ணிக்கையை) குறைக்கும். இந்தக் கடைசி வேலைக்கு வேர் 1970இல் கெர்னிகானும் லின்னும் தந்த முறை. 1982இல் ஃபிடுச்சியாவும் மத்தேயசஸும் அதை வேகமாக்கினார்கள்.

போர்ட் லூயி: கிடைத்ததுதான் மிகச் சிறந்த பிரிப்பு என்று எப்படி உறுதி செய்வது?
பெரிய கிராஃபில் முடியாது. என்பி-கடினம், அதாவது கிராஃப் பெரிதானால் மிகச் சிறந்த விடையை நியாயமான நேரத்தில் கண்டுபிடிக்கும் வழி யாருக்கும் தெரியாத வகை. அடுத்தவர்.

வாக்வா: கணக்கு ஓடும்போதே மெஷ் (கணக்கிடும் இடத்தைச் சின்னக் கட்டங்களாக்கிய வலை) ஓரிடத்தில் அடர்த்தியாகி ஒரு பிராசஸர் திணறுகிறது. முதலிலிருந்து பிரித்துவிடலாமா?
பிரிக்கலாம், ஆனால் பங்கு எண்ணைப் பாருங்கள். தைப்பூச லீவில் வேலையை ஓடவிட்டுக் காவடிக்குப் போய்விட்டு வந்தேன். பாதிகூட முடியவில்லை. பதிவைத் திறந்தால், பழைய பங்கு 0 புதிதாக 2 ஆகியிருந்தது, 2 போய் 0 ஆகியிருந்தது. உள்ளே இருந்த நோடுகள் ஏறக்குறைய அவையேதான். பெயர் மாறியதற்காக மொத்தத் தரவும் பிராசஸர் விட்டு பிராசஸர் குடிபெயர்ந்திருக்கிறது, அதுவும் ஒவ்வொரு மறுபிரிப்பிலும்!

புதிய பங்கில் எந்தப் பழைய பங்கின் நோடுகள் அதிகமோ, கூடியவரை அந்த எண்ணையே கொடுங்கள். சுமை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறதென்றால் முதலிலிருந்து பிரிக்கவே வேண்டாம். எல்லை நோடுகளைப் பக்கத்துப் பங்குக்குத் தள்ளினால் போதும்.

டர்பன்: வெட்டு எண்ணிக்கை குறைந்தால் போதும்தானே?
சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது தம்பி. ஒரு நோடிலிருந்து பக்கத்துப் பங்குக்கு 5 கோடுகள் போனால் வெட்டு 5. ஆனால் அந்த நோடின் மதிப்பை அங்கே ஒரே ஒரு தடவை அனுப்பினால் சரி.

மறுபடி டர்பன்: அப்புறம் ஏன் எல்லோரும் வெட்டையே அளக்கிறார்கள்?
எளிது என்பதால். ஹைப்பர்கிராஃப் (ஒரே கோடு பல நோடுகளைச் சேர்க்கும் கிராஃப்) வைத்தால் அனுப்பும் அளவு சரியாக வரும், பிரிக்கத்தான் நேரம் கூடும்.

திரும்பவும் டர்பன்: எங்கள் மெஷ்ஷில் இரண்டும் சேர்ந்தேதான் குறைகின்றன.
சீரான மெஷ் என்றால் ஒத்துக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள். ஆயிரம் கோடுகள் தாங்கும் நோடு உள்ள சமூக வலைப்பின்னலை எடுத்துக்கொண்டு வாருங்கள், அப்போது பேசுவோம்.

கியூர்பிப்: லூவெய்ன் முறையில் பிரிக்கலாமா?
அது தங்களுக்குள் நெருக்கமாக இணைந்த நோடுகளின் கூட்டம் தேடும் முறை. எத்தனை கூட்டம், எவ்வளவு பெரியது என்பதை அதுவே முடிவு செய்யும். 8 பிராசஸருக்கு 8 சம பங்கு அதனிடம் கிடைக்காது.

ரோஸ் ஹில்: முதலிலிருந்து பிரித்தால் என்ன?
வாக்வாக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பங்கு எண், பங்கு எண்!