மலைவீட்டுக் காப்பீடு: மண் சரிந்தால் பணம் வருமா?

ஐப்பசி மழைக்கு முன்னால் வந்த கேள்விகள் இவை. இழப்பை மதிப்பிடும் சர்வேயராக நீலகிரியில் பல வருஷம் ஏறி இறங்கியவன் நான். பதில்களை 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசியை வைத்துச் சொல்கிறேன்.

அண்ணா, வீட்டுக்குப் பின்னால் மேடு. மழையில் மண் சரிந்து சுவர் விழுந்தால் பணம் கிடைக்குமா? (கோத்தகிரி)

கிடைக்கும். மண்சரிவு, பாறை உருண்டு விழுவது, நிலம் உள்வாங்குவது எல்லாம் பாலிசியில் உண்டு. ஆனால் ஏன் சரிந்தது என்பதுதான் முதல் கேள்வி. நான் வீட்டைப் பார்க்கும் முன் மேட்டைத்தான் பார்ப்பேன்.

நம் ஊரில் சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணையே மறுபக்கம் கொட்டி நிரவி வீடு கட்டுகிறோம். கொட்டிய மண் அமுங்கிச் சுவர் வெடித்தால் பணம் இல்லை. புது வீடு 'உட்காரும்போது' விடும் விரிசலுக்கும் இல்லை. கொத்தனார் வேலை மட்டமாக இருந்து சுவர் இறங்கினாலும் அதே கதிதான்.

பலருக்குத் தெரியாதது ஒன்று: பக்கத்து மனைக்காரர் பொக்லைன் வைத்துத் தோண்டியதால் உங்கள் வீடு இறங்கினாலும் பாலிசி கைவிரித்துவிடும். தோண்டியது யார் என்பது கணக்கில்லை. நஷ்டத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும். அதனால் பொக்லைன் சத்தம் கேட்ட அன்றே உங்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

தடுப்புச்சுவர் விழுந்தால்? (அதே நண்பர்)

தடுப்புச்சுவர், காம்பவுண்டு, கேட், செப்டிக் டேங்க் எல்லாம் வீட்டோடு சேர்த்திதான். ஆனால் அவற்றின் மதிப்பை விண்ணப்பத்தில் தனியாக எழுதியிருக்க வேண்டும். மலையில் சில சமயம் வீட்டைவிடத் தடுப்புச்சுவருக்குத்தான் அதிகம் செலவாகிறது, எழுத மறந்துவிடாதீர்கள்.

இடத்தோடு சேர்த்து என் வீடு 90 லட்சம் போகும். அவ்வளவுக்கும் எடுக்கலாமா? (குன்னூர்)

வேண்டாம். மண்ணுக்குக் காப்பீடு கிடையாது. வீடு நின்று முற்றம் மட்டும் பள்ளத்தில் போனால் போன நிலத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்கு உள்ளே இருக்கும் தரைப்பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்குங்கள். 1,000 சதுர அடி, அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 25 லட்சம். மேட்டுப்பாளையத்திலிருந்து மணலும் செங்கல்லும் மேலே ஏறும் லாரி வாடகையையும் அதில் சேர்க்க வேண்டும். கோவை விலையைப் போட்டு ஏமாந்தவர்கள் இங்கே உண்டு.

கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே சேரும். மேலே சொன்ன கணக்கில் அது 5 லட்சம். நகைக்குத் தனியாக எடுக்க வேண்டும்.

மாடியை சீசனுக்கு வாடகைக்கு விடுகிறோம் சார். பரவாயில்லையா? (கொடைக்கானல்)

அதை மறைத்தால்தான் வம்பு. இது குடியிருக்கும் வீட்டுக்கான பாலிசி. மாடி ஹோம்ஸ்டே ஆகிவிட்டால் அது தொழில். நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள், அவர்கள் வேறு பாலிசி சொன்னால் அதற்கு மாறிவிடுங்கள்.

யானை வந்து சமையலறைச் சுவரைத் தள்ளிவிட்டது. (கூடலூர்)

வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதினால் இழப்பீடு உண்டு என்கிறது பாலிசி. வண்டி, மரம் என்றுதான் உதாரணம் தருகிறது, யானையைப் பெயர் சொல்லவில்லை. கேட்டுப் பாருங்கள், வாதத்துக்கு இடம் இருக்கிறது. எதற்கும் காத்திராமல் வனத்துறை ரேஞ்சர் அலுவலகத்தில் அன்றே மனு கொடுங்கள். வனவிலங்கு சேதத்துக்கு அரசு நிவாரணம் தனியாக உண்டு.

சுவர் ஓதம் ஏறிப் பூஞ்சை பிடிக்கிறது. (ஊட்டி)

கிடையாது. காப்பீடு திடீரென்று நடப்பதற்குத்தான். தண்ணீர்த்தொட்டி வெடித்தால் பணம் உண்டு, மாதக்கணக்கில் கசிந்தால் இல்லை.

வங்கிக் கடன் எடுத்தபோதே ஏதோ இன்சூரன்ஸ் போட்டார்களே?

பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அது நீங்கள் இறந்தால் கடனைக் கட்டும் ஆயுள் காப்பீடாக இருக்கும். வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கிளெய்ம் மறுத்துவிட்டால்?

முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனம் மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒன்று மட்டும்: சர்வேயர் பார்க்கும்வரை, இடிந்ததைப் படம் எடுக்காமல் அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். சுத்தம் செய்த இடத்தில் நான் எதை அளப்பது?