கோச் காசு திருப்பித் தரல்ல, இப்ப 50 லச்சம் கேட்டு லோயர் லெட்டர் வந்திருக்கு

கேள்வி: நாங்க கொழும்பு வெள்ளவத்தை. மகனுக்கு 15 வயசு, ஸ்கூல் பாஸ்கெட்போல் டீமுக்கு வரணும்னு தனியா ஸ்கில்ஸ் ட்ரெய்னர் ஒருத்தர்ட்ட விட்டோம். 40 செஷனுக்கு 180,000 ரூபா ஜனவரியிலயே முழுசா கட்டியாச்சு, மே மாசத்தோட அவர் வாறத நிப்பாட்டிட்டார். நடந்தது 23 செஷன் தான், அதுலயும் சிலதுக்கு அசிஸ்டன்ட் பையன அனுப்பினார். எல்லாருக்கும் முன்னால மகன ஏசுவார், முழங்கால் வலின்னாலும் ஓட விடுவார். கட்டாயம் டீமுக்குள்ள வருவான்னு வொய்ஸ் மெசேஜ்ல சொன்னது இன்னும் இருக்கு, ஆனா செலக்ட் ஆகல்ல, பிள்ளை ரெண்டு நாள் சாப்பிடல்ல. காசக் கேட்டா 29 செஷன் முடிஞ்சுது, 6 செஷன் நீங்க லேட்டா கேன்சல் பண்ணினதுன்னு சொல்றார். ஆத்திரத்துல பேஸ்புக்ல அவர்ட படத்தோட ‘பெற்றோர்ட காசடிக்கிற கள்ளன்’னு போட்டேன், நிறையப் பேர் ஷேர் பண்ணினாங்க. இப்ப ஒக்டோபர்ல அவர்ட லோயர் 50 லச்சம் கேட்டு லெட்டர் ஒஃப் டிமான்ட் அனுப்பியிருக்கார், 14 நாள் டைம். அவருக்கு சீட்டிங் கேஸ் போட்டு மகன்ட எதிர்காலத்துக்கும் சேத்து நட்டஈடு வாங்க ஏலுமா?

பதில்:

ஏலாது. லோயரா சொல்றேன், உங்கட கடிதத்துல முக்கால்வாசி கோர்ட்டுக்குத் தேவையில்லாத விசயம். மகன் சாப்பிடாம இருந்தது, ஏசினது, டீமுக்கு வராதது எல்லாம் கவலை தான், ஆனா டீம செலக்ட் பண்றது ஸ்கூல், இவர் இல்ல. வொய்ஸ்ல “கட்டாயம் வருவான்”னு சொன்னத எந்த ஜட்ஜும் ஒப்பந்தமா எடுக்க மாட்டார், அது டியூஷன் மாஸ்டர் எல்லாருக்கும் ‘ஏ’ வரும்னு சொல்ற மாதிரி. அசிஸ்டன்ட் பையன் வந்த நாள்ல நீங்க பிள்ளையத் திருப்பிக் கூட்டிட்டுப் போனீங்களா? இல்ல, நின்டு ப்ராக்டிஸ் செஞ்சிட்டுத்தான் போயிருக்கான், அப்ப அதுவும் நடந்த செஷன் தான். முழங்கால் வலிக்கு டொக்டர்ட ரிப்போர்ட் பத்தி ஒரு வரியும் இல்ல. வளர்ற வயசுல பாய்ஞ்சு விளையாடுற பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழ வலி வாறது சாதாரணமா நடக்கிறது, அவர்ட ட்ரெய்னிங்கால தான் வந்திச்சுன்னு ஒரு டொக்டர் எழுதித் தந்தா மட்டும் திரும்ப எழுதுங்க. அப்பிடி இருந்தா அவர் உங்கள்ட்ட ஏதாவது போர்ம்ல கையெழுத்து வாங்கியிருந்தாலும் அவருக்கு அது கைகுடுக்காது, கவனக்குறைவால வாற உடற்காயத்துக்குப் பொறுப்பில்லன்னு எழுதி வச்சுத் தப்ப 1997ன் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் விடாது. கை நீட்டியிருந்தா அது வேற கதை, சிறுவர் பாதுகாப்பு இலக்கம் 1929க்கு கோல் எடுத்திருக்கணும். நீங்க அப்பிடி எழுதல்ல.

சீட்டிங்க மறந்திடுங்க. காசு வாங்குற நேரமே ஏமாத்துற எண்ணம் இருந்திச்சுன்னு காட்டணும், 23 செஷன் வந்து நின்டவர எப்பிடிக் காட்டுவீங்க? பொலிஸ்ல இது சிவில்னு திருப்பி அனுப்புவாங்க, அனுப்பாட்டி இன்னும் மோசம், கோவத்துல கூட்டிக்குறைச்சு என்ட்ரி போட்ட ஆக்களே பிறகு பொய் முறைப்பாடுன்னு மாட்டுப்பட்டத நான் கண்டிருக்கேன். நுகர்வோர் அதிகாரசபைக்குப் போற யோசனையும் வேணாம், சேவை நடந்து 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், மேயோட முடிஞ்ச விசயத்துக்கு இப்ப ஒக்டோபர்.

சரி, காசுக் கணக்குக்கு வாறேன். ஒரு செஷன் 4,500. உங்கட கணக்குப்படி 17 பாக்கி, 76,500 ரூபா. அவர்ட கணக்குப்படி 11 பாக்கி, 49,500. அதாவது அவரே 49,500 தரணும்னு ஒத்துக்கொள்றார், சண்டை வெறும் 27,000 ரூபாக்கு. அந்த 27,000 யாருக்குங்கிறது ஒரே ஒரு கேள்வில நிக்குது: லேட்டா கேன்சல் பண்ணினா செஷன் போகும்னு அவர் எப்ப சொன்னார்? ஜனவரில காசு வாங்க முன்னமே சொல்லியிருந்தா கதை முடிஞ்சுது, பாஸ்கெட்போல் கோர்ட் ஹயர் பண்ணி மணிக்கணக்குல வாடகை கட்டுறவர் அப்பிடி ஒரு ரூல் வைக்கிறதுல பிழை இல்ல. காசு வாங்கினதுக்குப் பிறகு வட்ஸ்அப் குரூப்ல போட்ட ரூல்னா அது உங்களக் கட்டாது, நீங்க சம்மதிச்சாலே ஒழிய. இப்ப போய்ப் பாருங்க, அந்த மெசேஜுக்குக் கீழ நீங்க தம்ஸ்-அப் போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா அவர்ட லோயர் அதத் தான் முதல் பக்கத்துல ஒட்டுவார்.

இதெல்லாம் சின்ன விசயம். பெரிய விசயத்த நீங்க கடிதத்துல கடைசில ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க.

‘கள்ளன்’னு படத்தோட போட்டது உங்கட கழுத்துல கிடக்கிற கயிறு. எங்கிட்ட வாற எல்லாரும் சொல்றது ஒன்டு தான்: “உண்மையத் தானே போட்டேன், மிஸ்.” எங்கட நாட்டுல அவதூறு வழக்கு ரோமன்-டச்சு சட்டப்படி நடக்கிறது, அதுல உண்மைன்னு மட்டும் சொல்லித் தப்ப ஏலாது, உண்மையா இருக்கணும், அதச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்கணும், ரெண்டும் வேணும். உங்களுக்கு முதலாவதே இல்ல. 17 செஷன் பாக்கி வச்சவர் கடன்காரர், கள்ளன் இல்ல. “40க்குக் காசு கட்டினோம், 23 தான் நடந்திச்சு, மிச்சம் இன்னும் தரல்ல”ன்னு மட்டும் போட்டிருந்தா நான் இன்னைக்கு வேற தொனியில எழுதியிருப்பேன். 50 லச்சம் யாரும் குடுக்கப் போறதில்ல, அது லெட்டர்ல போடுற தொகை, ஆனா டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல வழக்கு விழுந்தா வருசக்கணக்கா நீங்க தான் தவணைக்குத் தவணை கோர்ட்டுக்கு அலையணும். போஸ்ட் போட்ட நாள்லருந்து 2 வருசத்துக்குள்ள எப்ப வேணும்னாலும் போடலாம் அவர். பொலிஸ் வந்து தூக்கும்னு பயப்பட வேணாம், குற்றவியல் அவதூறு 2002லயே எடுபட்டுப் போச்சு. 2024ன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தக் (ஒன்லைன் சேஃப்டி எக்ட்) காட்டியும் சில பேர் மிரட்டுவாங்க, அந்த வாய்க்கும் சோறு போடாதீங்க.

இந்த இடத்துல ஆக்கள் செய்ற கூத்து இருக்கே. லெட்டர் வந்த கோவத்துல அதயே படம் பிடிச்சு “பாருங்க இப்ப மிரட்டுறான்”னு இன்னொரு போஸ்ட், அது ரெண்டாவது அவதூறு, அத வச்சே மற்றப் பக்கம் உங்களுக்குக் கெட்ட எண்ணம்னு காட்டும். இல்லாட்டி எதிர்ப்பக்கம், பயந்துபோய் இரவு 11 மணிக்கு கோச்சுக்கு “சொரி சேர், நான் பொய்யாப் போட்டுட்டேன், கேஸ் போட வேணாம்”னு வட்ஸ்அப். எழுத்துல குடுத்த ஒப்புதல் வாக்குமூலம் அது, பிறகு எந்த லோயராலயும் அத விழுங்க ஏலாது. மூணாவது கூட்டம் லெட்டர மேசை லாச்சிக்குள்ள போட்டுட்டு சும்மா இருக்கும். இப்பிடியான லெட்டருக்கு மறுப்புப் போடாம இருந்தா ஒத்துக்கொண்டதா எடுக்கிறதுக்கு எங்கட கோர்ட்டுகள்ல இடமிருக்கு. அதனால 14 நாளுக்குள்ள பதில் போகணும், லோயர் மூலமா, ஒரு பக்கம் போதும், மறுப்பு, 76,500க்கான உங்கட கோரிக்கை, அவ்வளவு தான். மகன் அழுத கதை அதுல வரவே கூடாது.

போஸ்ட்ட இன்னைக்கே எடுங்க. எடுக்க முன்னம் திகதி, கொமென்ட் எல்லாம் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் வைங்க, அவர்ட்ட ஏற்கனவே இருக்கும், உங்கள்ட்டயும் இருக்கட்டும். வட்ஸ்அப் மெசேஜுகள அழிக்கக் கூடாது, காசு போட்ட பேங்க் ஸ்லிப்பும் வேணும். யார்ட எக்கவுண்டுக்குப் போட்டீங்கன்னு பாருங்க, பேஸ்புக்ல ‘அகடமி’ன்னு பேர் போட்ட நிறையப் பேருக்கு அப்பிடி ஒரு கம்பனியே இருக்காது, கேக்கிறதுன்னா அவர்ட பேர்லயே கேக்கணும்.

காசுக்கு நீங்க கேஸ் போடப் போனா இந்தத் தொகைக்கு எப்பிடியும் முதல்ல மத்தியஸ்த சபை. அங்க எங்கள மாதிரி லோயர் வந்து கதைக்க ஏலாது, நீங்களும் அவரும் நேருக்கு நேர் இருக்கணும், உங்கட கோவத்துக்கு அது நல்ல இடமான்னு நீங்களே யோசிங்க. நான் சொல்றது இது தான், எனக்கு பீஸ் குறையிற கதையா இருந்தாலும்: 49,500ஐ வாங்கிட்டு முடிங்க. அதுவும் முழுசா வராட்டி 40,000க்கும் முடிங்க. அந்த 27,000ஐ விடுங்க, அதுக்கு சண்டை பிடிக்க எனக்கே அதவிடக் கூடக் குடுக்க வேண்டி வரும். அவருக்கும் இது முடியிறது தான் விருப்பம், கேஸ் போட்டா ‘கள்ளன்’ங்கிற சொல்ல அவரே கோர்ட்ல வாசிச்சுக் காட்டணும், பாக்கி செஷனுக்கும் பதில் சொல்லணும்.

ஆனா செட்டில்மென்ட்ட வாயால முடிக்காதீங்க. எழுத்துல, ரெண்டு பக்க லோயரும் பாத்து, காசு கைக்கு வாற அன்னைக்கே கையெழுத்து. “தவணை தவணையாத் தாறேன்”னா வேணாம், ரெண்டாவது தவணையோட நிண்டுபோய் உங்கள்ட்ட போஸ்ட்டும் இல்ல காசும் இல்லாம நிப்பீங்க. நீங்க பிழை செஞ்சதா ஒத்துக்கொள்ற வசனம் எதுவும் இருக்கக் கூடாது, போஸ்ட் எடுத்தாச்சு, இந்த விசயத்துல ஒருத்தருக்கொருத்தர் எந்தக் கோரிக்கையும் இல்ல, அது மட்டும். அதுல உங்கட பேர் மட்டும் இல்லாம புருஷன்ட பேரும் வரணும், போஸ்ட்டுக்குக் கீழ அவரும் ஏதாவது எழுதியிருப்பார், நீங்க கேட்டா இல்லன்னுவார், போய்ப் பாருங்க. ஷேர் பண்ணின சொந்தக்காரங்களுக்கு கோல் எடுத்து அவங்களயும் எடுக்கச் சொல்லுங்க, மெசேஜ்ல வேணாம், கோல்ல. மகன்ட இன்ஸ்டாகிராமையும் ஒருக்கா பாருங்க.