ஒரே சாம்பல் நிறம் இரண்டாகத் தெரிவது ஏன்?

கேள்வி: கார்ட்ரிட்ஜ் தாளில் ஆரஞ்சு, நீலம் என இரண்டு பெரிய கட்டங்களை ஆயில் பேஸ்டலில் தீட்டினேன். இரண்டின் நடுவிலும் ஒரே சாம்பல் குச்சியால் சின்னச் சதுரம் வரைந்தேன். ஆரஞ்சுக்குள் இருக்கும் சாம்பலில் நீலம் ஓடுகிறது. நீலத்துக்குள் இருப்பது பழுப்பேறியிருக்கிறது. குச்சி மட்டமானதா?

பதில்: கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு வெள்ளை அட்டையில் இரண்டு ஓட்டை வெட்டுங்கள். சாம்பல் சதுரங்கள் மட்டும் தெரியும்படி அதைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் குச்சியில் குறையில்லை. அப்போதும் வேறுபட்டால், குச்சி முனையில் பக்கத்து வண்ணம் ஒட்டியிருக்கிறது. ஆயில் பேஸ்டலில் இது சகஜம்தான். பழைய துணியில் துடைத்துவிட்டு மறுபடி தீட்டுங்கள்.

உங்கள் புகார் ஏறக்குறைய 200 ஆண்டுப் பழையது. 1824இல் பாரிஸின் கோப்லான் நெசவாலையில் சாயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார் வேதியியலாளர் ஷெவ்ரல். கறுப்புச் சாயம் வெளிறிக் கிடக்கிறது என்று முறையீடு வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார்; அதில் பழுது இல்லை. கறுப்பு நூலை ஒட்டி நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை மங்கவைத்தன. அந்த ஆய்வை 1839இல் நூலாக்கினார். (மனிதர் 102 வயதுவரை இருந்தார்.)

கண்ணும் மூளையும் நிறத்தைத் தனியாக எடைபோடுவதில்லை. அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டே தீர்மானிக்கின்றன. சுற்றிலும் ஆரஞ்சு நிறைந்திருந்தால், நடுவில் உள்ள சாம்பல் அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது நீலத்தை நோக்கிச் சாய்கிறது. சதுரம் சிறியதாகவும், வெளிச்ச அளவில் பின்னணிக்கு நெருக்கமாகவும் இருந்தால் இந்தச் சாய்வு நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கோடு இழுத்தால் குறைந்துவிடும். ஆகவே கட்டங்களுக்கு எல்லைக்கோடு போடும் பழக்கத்தை இந்தப் பயிற்சியில் மட்டுமாவது விட்டுவிடுங்கள்.

வெறும் கட்டங்களை வரைந்தது நல்லதாயிற்று. மாவிலையை வரைந்திருந்தால், ‘இலை பச்சைதானே’ என்று மனம் முந்திக்கொண்டிருக்கும். கண் சொல்வது காதில் விழுந்திருக்காது. கட்டத்துக்குப் பெயர் கிடையாது.

இனி தலைகீழாகச் செய்து பாருங்கள்: இரண்டு வெவ்வேறு சாம்பலை ஒன்றுபோலத் தெரியவைக்க வேண்டும். ஆரஞ்சுக்குள் இருக்கும் சாம்பலில் துளி ஆரஞ்சையும், நீலத்துக்குள் இருப்பதில் துளி நீலத்தையும் விரலால் தேய்த்துக் கலந்து, தள்ளி நின்று பாருங்கள். பகலில், ஜன்னலோரமாகச் செய்யுங்கள். ஜவுளிக்கடையில் ரவிக்கைத் துணியை வாசலுக்கு எடுத்துவந்து புடவையோடு சேர்த்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதே காரணம்தான். முதல் முறையே அமையாது. எனக்கு ஏழாவது சதுரத்தில்தான் அமைந்தது. அமைந்ததும் ஓட்டை வெட்டிய அட்டையை மறுபடி வைத்துப் பாருங்கள்: இரண்டும் வேறு வேறாகத் தெரியும்.