எண்டோஸ்கோப் வைத்துக் காது ஆபரேஷன் செய்தால் வாய் கோணுமா?

அம்மாவுக்குக் காது ஜவ்வில் ஓட்டை, எண்டோஸ்கோப் வைத்தே அடைக்கலாம் என்கிறார் டாக்டர், வாய் கோணிப்போகும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, வலங்கைமான் பக்கம் விவசாயம். குடமுருட்டியில் முங்கிக் குளித்த வயதிலிருந்தே இடது காது ஒழுகும். சளி பிடித்தால் சீழ், பாட்டி காய்ச்சி ஊற்றிய எண்ணெய், அப்புறம் கொஞ்ச நாள் சும்மா இருக்கும். நாற்பது தாண்டித்தான் தஞ்சாவூரில் காட்டி, ஒரு தை மாதம் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

வாய் கோணுகிற கதை முழுப் பொய்யில்லை. முகத்தை அசைக்கிற நரம்பு நடுக்காது வழியாகத்தான் போகிறது. ஆனால் ஓட்டையை மட்டும் அடைக்கும்போது அது அடிபடுவது மிக அபூர்வம். எனக்கு ஒரு கூத்து நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். முடிந்ததும் "சிரிங்க, கண்ண இறுக்கி மூடுங்க" என்றார் டாக்டர். சிரித்தால் வாய் வலது பக்கம் மட்டும் போகிறது, இடது கண் மூடவே இல்லை. வெளியே கொண்டுவந்ததும் என்னைப் பார்த்து வீட்டம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். ஊசி மருந்து நரம்பு வரைக்கும் ஊறியிருக்கிறது, இறங்கினால் சரியாகிவிடும் என்றார்கள். சாயங்காலம் காபி குடிக்கும்போது வாய் நேராகத்தான் இருந்தது.

காபிதான் சரியில்லை. நாக்கின் இடது பாதியில் மட்டும் செப்புக்காசை நக்குகிற மாதிரி ஒரு ருசி. ருசிக்கான மெல்லிய நரம்பு ஒன்று ஜவ்வுக்குப் பின்னாலேயே குறுக்கே ஓடுகிறதாம். அதை ஒதுக்கிவிட்டுத்தான் வேலை செய்ய முடியும், இழுபட்டால் இப்படி. பெரும்பாலும் சில மாதத்தில் போய்விடும், எனக்கும் போனது. முன்னாலேயே சொல்லியிருந்தால் ரசம் வைத்தவளைத் திட்டியிருக்க மாட்டேன்.

சரி, எண்டோஸ்கோப் கருவிக்கு வருவோம். 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு கம்பி, நுனியில் வெளிச்சம். மைக்ராஸ்கோப் வெளியே நின்று நேராகத்தான் பார்க்கும், காதுத் துவாரம் குறுகலோ வளைவோ என்றால் பல நேரம் காதுக்குப் பின்னால் வெட்டி வழி பண்ண வேண்டும். கம்பி உள்ளேயே போய் மூலைமுடுக்கைக் காட்டிவிடும், அதனால் வெட்டும் வலியும் குறைவு. தொல்லை என்னவென்றால் ஒரு கை கம்பியைப் பிடித்துக்கொண்டால் வேலைக்கு மிச்சம் ஒரே கைதான், ரத்தம் கசிந்தால் உறிஞ்சவும் அதே கைதான். நுனி சூடாகும், வெளிச்சத்தைக் குறைத்துவைத்து, அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். நடுவில் நாம் அசைந்தால் உள்ளே இடித்துவிடும், அங்கே இருக்கிற எலும்புகளில் ஒன்று நெல்மணியைவிடச் சின்னது. இருமல் வந்தால் முதலில் விரலைத் தூக்கு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

அதனால் 'தையல் இல்லை' என்கிற போர்டைப் பார்த்துப் போகாதீர்கள். ஓட்டையில் ஒட்டுப்போடச் சவ்வு எடுத்த இடத்தில் எனக்கே காதுக்கு மேல் இரண்டு தையல். ஜவ்வு ஒட்டுவதில் கம்பியும் மைக்ராஸ்கோப்பும் ஏறக்குறைய ஒன்றுதான், அந்த டாக்டருக்கு எது கைப்பழக்கம் என்று கேளுங்கள். சிலருக்கு ஒட்டு பிடிக்காமல் மறுபடி ஓட்டை விழும், காது இரையும். இருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடுவது அபூர்வம். சீழ் நாற்றமடித்தால் அது எலும்பை அரிக்கிற கொலஸ்டீடோமாவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஆபரேஷனைவிடச் சும்மா விடுவதுதான் ஆபத்து, மூளை வரைக்கும் போய்விடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு மூக்கைச் சிந்தக்கூடாது, காதில் தண்ணீர் படக்கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். மூன்றாம் வாரம் நெல் கொள்முதல் நிலையத்தில் தூற்றுகிற மிஷின் பக்கம் நின்று, சுணை ஏறி, வாயை ஆவென்று திறந்து நான் போட்ட தும்மலில் சாக்குப் பிடித்தவர் சாக்கைக் கீழே விட்டுவிட்டார். ஒட்டு தப்பித்தது. உள்ளே கரைகிற பஞ்சு வைத்திருப்பதால் சில வாரம் காது அடைத்தமாதிரியே இருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவுக்கு ஒரு கண் மூடாமல் போனாலோ, படுக்கையே சுற்றுகிற மாதிரி இருந்தாலோ, காய்ச்சலோடு வலி ஏறினாலோ, காலையில் பஸ் பிடிக்கலாம் என்று இருக்காமல் ராத்திரியே போன் பண்ணிவிடுங்கள்.