படகு வரும் நாளும் வராத நாளும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

ராமேஸ்வரத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். மறுநாள் மீன் வரும். செவ்வாய், வியாழன், ஞாயிறு மூன்று நாளும் விடிகாலை நாலு மணிக்கே போன் அடிக்கும். எடை, ஐஸ், லாரி என்று மதியம் தாண்டிவிடும். கதை எழுத ஆசை. தினமும் இரவு ஒரு மணி நேரம் என்று நாலு தடவை அட்டவணை போட்டேன், எதுவும் ஒரு வாரம் தாங்கவில்லை. தோன்றும்போது எழுதலாம் என்று விட்டால் மாதக்கணக்கில் ஒரு வரி இல்லை. ஒழுங்கு பார்த்தால் கற்பனை செத்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

தவறு உங்களிடம் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. ஏழு நாளும் ஒரே மாதிரி விடிகிறவர்களுக்கு ஏற்றது அது. உங்களுக்கு வாரத்தில் இரண்டு வகை நாள் உண்டு.

சாயல்குடிப் பக்கம் பனையேறிகள் பதநீருக்காகப் பாளை சீவுவதைப் பார்த்திருப்பீர்கள். காலையும் மாலையும் ஏறி, நுனியில் மெல்லிசாக ஒரு சீவல் எடுத்து, கலயத்தை மாட்டிவிட்டு இறங்குவார்கள். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுபோகும். நிறைய ஊறட்டும் என்று தடியாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். எழுத்துக்கும் இதே கணக்குதான்.

படகு வரும் மூன்று நாளும் பத்து நிமிடம், ஐந்து வரி போதும். நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. வெட்டுவாய் காயாமல் இருந்தால் சரி. திங்கள், புதன், சனியில் தொண்ணூறு நிமிடம். இரவில் வேண்டாம், களைத்த நேரம் அது. படகு நாள் பழக்கத்தில் உடம்பு எப்படியும் நாலு மணிக்கு விழித்துக்கொள்ளும். அதையே பிடித்துக்கொண்டு நாலரை முதல் ஆறு வரை, போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். வேகம் வந்தாலும் ஆறு மணிக்கு நிறுத்துங்கள், அதுவும் ஒரு வாக்கியத்தின் பாதியில். மறுநாள் அந்த வாக்கியத்தை முடிக்கத்தான் உட்காருவீர்கள். எங்கே தொடங்குவது என்ற திணறலே இருக்காது.

வெள்ளிக்கிழமைக் காலையை மட்டும் காலியாக விடுங்கள். எழுதலாம், எழுதாமல் கரையோரம் நடக்கலாம். முன்கூட்டித் தீர்மானிக்கக் கூடாது. நீங்கள் பயப்படுகிற கற்பனைக்கு இடம் இதுதான். மற்ற நாட்களின் ஒழுங்கு இருப்பதால்தான் இந்தக் காலையைக் குற்ற உணர்வில்லாமல் செலவழிக்க முடியும்.

ஆனால் கதை படகு நாளில், மீன் கொட்டுகிற நேரத்தில்தான் வந்து நிற்கும். கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். குறிப்புக்கும் அந்தச் சுண்ணாம்பு வேண்டும். எடைச் சீட்டின் பின்பக்கம் ‘நண்டுக்காரக் கிழவி, நல்ல கதை’ என்று எழுதினால் மூன்று நாளில் ஒன்றும் புரியாது. ‘கால் ஒடியாமல் வலையிலிருந்து நண்டைப் பிரிக்கிறாள், ஒவ்வொன்றுக்கும் விரலை வாயில் வைத்து எடுக்கிறாள்’ என்று எழுதினால் ஒரு மாதம் கழித்தும் அந்தக் கிழவி எழுந்து வருவாள். யார், என்ன செய்தார், ஒரு சத்தமோ வாசனையோ: இந்த மூன்றும் போதும். அன்றிரவே நோட்டில் ஏற்றிவிடுங்கள், சீட்டு தொலைந்துபோகும்.

தவறிய நாளை மறுநாளில் சேர்க்காதீர்கள். பத்து நிமிடம் இருபதாகி, இருபது நாற்பதாகி, கடன் பெருகித்தான் உங்கள் நாலு அட்டவணையும் உடைந்திருக்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றி, கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கனை நிறுத்தி, படகு போகாத நாளிலும் தொண்ணூறு நிமிடம்தான். ஓய்வு கிடைத்ததே என்று ஐந்து மணி நேரம் எழுதினால் அடுத்த இரண்டு நாள் வறண்டு கிடக்கும்.

ஒரே கதையை வைத்து மல்லாடவும் வேண்டாம். வாடைக்காற்றில் வடகடல் கொந்தளித்தால் தென்கடலுக்கும், கச்சான் காற்றில் தென்கடல் புரண்டால் வடகடலுக்கும் போகிற ஊர் உங்களுடையது. கைவசம் இரண்டு வேலை இருக்கட்டும்: ஒன்று கதை, இன்னொன்று காதில் விழுந்த பேச்சுகளின் தொகுப்பு. கதை நகராத காலையில் மற்றதை எடுங்கள், நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது படகு நாளே கிடையாது. நாவலே எழுதிவிடலாம் என்று தோன்றும். முதல் வாரம் புதிதாக எதையும் தொடங்காமல், நோட்டில் அரைகுறையாகக் கிடப்பவற்றில் இரண்டை முடியுங்கள். மூன்றாவதை எனக்கு அனுப்புங்கள், முடிக்காமலே.